கதவைத் திறந்த அதிகாரி: ஆட்சிமுறைகள் எப்படி மாறுகின்றன?

கிழக்கு பெர்லின், 1989 நவம்பர் 9. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி சார்பில் குந்தர் ஷபோவ்ஸ்கி நடத்திய செய்தியாளர் சந்திப்பு ஒரு மணி நேரம் சப்பென்று ஓடி, முடியப்போகிற கட்டத்தில் இருந்தது. வெளிநாட்டுப் பயண விதிகள் தளர்த்தப்படுவதாக ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். எப்போதிலிருந்து என்று நிருபர்கள் கேட்டார்கள். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரிந்தவரை உடனடியாக” என்றார். உண்மையில் அந்த அறிவிப்பு மறுநாள் அதிகாலைவரை வெளியே வந்திருக்கவே கூடாது. விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் விதியில் இருந்தது. முடிவெடுத்த கூட்டத்தில் ஷபோவ்ஸ்கி இல்லை. தாளையும் ஒழுங்காகப் படித்துவிட்டு வரவில்லை.

மேற்கு பெர்லினுக்குப் போகும் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் அன்றிரவு பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். இரவுச் சாப்பாட்டின்போது தொலைக்காட்சியில் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். கொஞ்ச நேரத்தில் சாவடிக்கு முன்னால் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்; பத்துப் பேர் நூறானார்கள், நூறு ஆயிரங்களானது. மேலதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். உருப்படியான பதில் இல்லை. கடைசியில் வந்த உத்தரவோ விசித்திரமானது: அதிகமாகச் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடு, ஆனால் அவர்களுடைய அடையாள ஆவணத்தில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்து, திரும்பி உள்ளே வர முடியாது. இரவு பதினொன்றரை மணி வாக்கில் யேகர் தடுப்பைத் தூக்கச் சொல்லிவிட்டார். மேலிருந்து எவரும் அப்படி உத்தரவிடவில்லை. 28 ஆண்டுகள் நின்ற பெர்லின் சுவர் அந்த இடத்தில்தான் முதலில் பொருளிழந்தது.

‘மக்கள் சுவரைத் தகர்த்தார்கள்’ என்றே இந்த இரவை நினைவுகூர்கிறோம். அதில் பொய்யில்லை. ஆனால் ஆட்சிமுறை மாற்றங்களை ஆராய்கிறவர்களுடைய கண் யேகர் மேல்தான் போகும். துப்பாக்கி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், 25 வருஷத்துக்கு மேல் விசுவாசமாகப் பார்த்த வேலையும் இருந்தது. அப்படிப்பட்டவர் ஏன் அந்த நிமிஷத்தில் கணக்கை மாற்றிப் போட்டார்? எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் சிறந்த ஆய்வுகளெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு உருவில் கேட்கின்றன.

முதலில் ஒரு சொல் சிக்கல். செய்தித்தாளில் ‘ஆட்சி மாற்றம்’ என்றால் தேர்தலில் ஒரு கட்சி போய் இன்னொன்று வருவது. ஆய்வாளர்கள் பேசுவது அதையல்ல. யார் ஆளலாம், எந்த வழியாக அந்த இடத்துக்கு வரலாம், வந்தவரை யார் தட்டிக்கேட்கலாம் என்ற விதிகளின் தொகுப்பை ஆட்சிமுறை என்கிறார்கள். தலைவர் போயும் ஆட்சிமுறை அப்படியே நிற்கலாம். எகிப்தில் 2011 பிப்ரவரி 11 அன்று அதிபர் முபாரக் விலகினார், உலகமே கொண்டாடியது. அதிகாரம் போய்ச் சேர்ந்தது ராணுவத் தளபதிகளின் குழுவிடம். 2012-இல் தேர்தலில் வென்று வந்த முகமது முர்சியை 2013 ஜூலை 3 அன்று அதே ராணுவம் வீட்டுக்கு அனுப்பியது. தலை மாறியது, தண்டுவடம் மாறவில்லை.

இனி, எல்லோரையும் சங்கடப்படுத்துகிற கேள்வி. 1989-இல் கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சிகள் மளமளவென்று சரிந்தபோது, வாழ்நாளெல்லாம் அந்த நாடுகளையே படித்துக்கொண்டிருந்த அறிஞர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. உளவு அமைப்புகளும் எதிர்பார்க்கவில்லை. ஆட்சியாளர்களும், ஏன், எதிர்ப்பாளர்களுமே எதிர்பார்க்கவில்லை. நடந்து முடிந்த பிறகோ, இது நடக்காமல் எப்படி இருந்திருக்கும் என்று எல்லோரும் காரணங்களை அடுக்கினார்கள்.

பொருளியல் அறிஞர் டிமூர் குரான் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது. அச்சம் ஆளும் நாட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கருத்துகள்: மனசுக்குள் ஒன்று, வெளியே சொல்வது இன்னொன்று. எல்லோரும் கைதட்டுவதால் எல்லோரும் ஆதரவாளர்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அண்டை வீட்டுக்காரரின் உள்மனசு நமக்குத் தெரியாது, நம்முடையது அவருக்குத் தெரியாது. ஆட்சியாளருக்கும் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. நாட்டு மக்களை ஊமையாக்கியவர் தானே செவிடாகவும் ஆகிவிடுகிறார்.

இதன் கணக்கை 1978-லேயே சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் போட்டுக் காட்டியிருந்தார். சதுக்கத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் யாரும் இல்லாவிட்டாலும் கோஷம் போடுவார். இரண்டாமவர், ஒருவர் தொடங்கினால் சேர்ந்துகொள்வார். மூன்றாமவருக்கு இரண்டு பேர் துணை வேண்டும், நான்காமவருக்கு மூன்று பேர். பத்தாமவர்வரை இப்படியே. முதல் ஆள் வாய் திறந்தால் போதும், பத்துப் பேரும் தெருவில். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: இரண்டாமவர் சற்றுப் பயந்தவர், அவருக்கும் இரண்டு பேர் துணை வேண்டும். முதல் ஆள் கத்துகிறார், யாரும் சேரவில்லை, அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கதை முடிந்தது. இரண்டு சதுக்கங்களிலும் அதிருப்தி ஏறத்தாழ ஒரே அளவுதான். கருத்துக்கணிப்பு எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் புரட்சி, இன்னொன்றில் ஒரு கைது. முன்கூட்டிச் சொல்ல முடியாததற்கு அறிஞர்களின் சோம்பேறித்தனம் காரணம் அல்ல. தேவையான தகவல் யாரிடமும் இல்லை.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இது கிட்டத்தட்ட கண்முன்னே நடந்தது. 1989 இலையுதிர்காலத்தில் திங்கள்கிழமைதோறும் தேவாலயப் பிரார்த்தனை முடிந்து மக்கள் ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 9 அன்று சுடுவார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்துப் படுகொலை நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் சுமார் 70,000 பேர் வந்தார்கள். யாரும் சுடவில்லை. அடுத்த திங்கள் கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதற்கடுத்த திங்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. இந்த ஊர்வலங்களை ஆராய்ந்த சூசன் லோமன் கவனித்தது எண்ணிக்கையை மட்டுமல்ல. தீவிர எதிர்ப்பாளர் பத்தாயிரம் பேர் வந்தால் அது செய்தியே அல்ல; அவர்கள் எப்படியும் வருவார்கள். வம்புதும்புக்குப் போகாத மனிதர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றால், வீட்டில் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் தகவல் இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 21, புகாரெஸ்ட். ருமேனிய அதிபர் சௌசெஸ்கு மாடத்தில் நின்று பேசினார். ஆலைகளிலிருந்து கூட்டிவரப்பட்ட கூட்டம், நேரடி ஒளிபரப்பு. நடுவில் எங்கிருந்தோ ஒரு சலசலப்பு, பிறகு கூச்சல். அவர் கையை உயர்த்திக்கொண்டு திகைத்து நின்ற முகம் பதிவாகியிருக்கிறது. தொலைபேசியில் இணைப்பு அறுந்தவரைப் போல “அலோ, அலோ” என்கிறார். ஒளிபரப்பைத் துண்டித்தார்கள், ஆனால் நாடு பார்த்துவிட்டது. அவருக்குப் பயம் வந்துவிட்டது என்பது ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. மறுநாள் ஹெலிகாப்டரில் தப்பினார். நான்காம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தகைய காட்சிகளின் கவர்ச்சியில் ஒரு ஆபத்து உண்டு. எல்லா சர்வாதிகாரிகளையும் தெருதான் இறக்குகிறது என்று நினைத்துவிடுவோம். அரசியல் ஆய்வாளர் மிலன் ஸ்வோலிக் எண்ணிப் பார்த்தார். 1946 முதல் 2008 வரை அரசமைப்புக்குப் புறம்பான வழியில் பதவியிழந்த சர்வாதிகாரத் தலைவர்கள் 303 பேர். அதில் 205 பேரை, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், உள்ளிருந்தவர்களே ஆட்சிக்கவிழ்ப்பில் இறக்கினார்கள். மக்கள் எழுச்சியில் விழுந்தவர்கள் 32 பேர். ஜனநாயகம் வேண்டும் என்ற அழுத்தத்தில் விலகியவர்கள் 30 பேர். சர்வாதிகாரிக்குத் தூக்கம் கெடுவது பக்கத்து அறையில் படுத்திருப்பவரால்.

பக்கத்து அறைக்காரர்களுக்கும் கிரானோவெட்டரின் கணக்கு அப்படியே பொருந்தும் என்பதுதான் சுவாரசியம். ஆட்சிக்கவிழ்ப்பு என்றால் படைகள் மோதுவது என்று நினைப்போம். ஆட்சிக்கவிழ்ப்புகளை ஆராய்ந்த நவுனிஹால் சிங் சொல்வது வேறு: எந்தப் படைப்பிரிவும் இன்னொன்றோடு சண்டைபோட விரும்பாது, ஜெயிக்கப்போகிற பக்கம் எது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே ‘நாங்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டோம்’ என்று நம்பவைக்கிறவர் ஜெயிக்கிறார். கவிழ்க்க வருகிறவர்கள் ஓடிப்போய் முதலில் வானொலி நிலையத்தைப் பிடிப்பது இதனால்தான். ஸ்பெயினில் 1981 பிப்ரவரி 23 அன்று தெஹேரோ என்ற அதிகாரி ஆயுதமேந்திய காவலர்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கூரையை நோக்கிச் சுட்டார். தளபதிகள் பலர் எந்தப் பக்கமும் சாயாமல் காத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, ஜனநாயகத்தின் பக்கம் நிற்பதாக அறிவித்தார். அதோடு காற்று திரும்பிவிட்டது.

ஸ்பெயின் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதையும் பாடநூலில் இடம்பெற வேண்டிய ஒன்று. கில்லெர்மோ ஓ’டானல், ஃபிலிப் ஷ்மிட்டர் இருவரும் 1986-இல் ஆளுங்கூட்டத்தைக் கடும்போக்கர்கள், மிதப்போக்கர்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். இவர்களுக்கிடையே விரிசல் விழாமல் மாற்றம் தொடங்குவதில்லை என்பது அவர்கள் வாதம். 1975 நவம்பரில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தபோது அவருடைய நாடாளுமன்றம் அப்படியே இருந்தது, எல்லோரும் அவருடைய ஆட்கள். பழைய ஆட்சிக்குள்ளேயே வளர்ந்த அடோல்ஃபோ சுவாரெஸ் பிரதமரானார். அதே நாடாளுமன்றம் ஓராண்டு கழித்து, 425-க்கு 59 என்ற கணக்கில், தன்னையே கலைத்துக்கொள்ளும் சட்டத்தை நிறைவேற்றியது. 1977 ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, நாடு விடுமுறையில் இருந்த நேரம் பார்த்து, சுவாரெஸ் கம்யூனிஸ்ட் கட்சிமீதிருந்த தடையை நீக்கினார். மிதப்போக்கர்களின் வேலையில் பாதி, நல்ல நேரம் பார்ப்பதுதான்.

சிலியில் அந்த விரிசல் ஒரே வாக்கியத்தில் வெளிப்பட்டது. 1988 அக்டோபர் 5 அன்று பொதுவாக்கெடுப்பு: ராணுவ ஆட்சியாளர் பினோசே மேலும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா, கூடாதா? அரசின் அறிவிப்புகள் நள்ளிரவைத் தாண்டியும் இழுத்தடித்துக்கொண்டிருந்தன. அதிபர் மாளிகைக்குள் ஆலோசனைக்குப் போகிற வழியில் விமானப்படைத் தளபதி பெர்னாண்டோ மத்தேய் செய்தியாளர்களிடம், ‘வேண்டாம்’ தரப்பு வென்றுவிட்டது தனக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான்கு பேர் கொண்ட ராணுவ ஆட்சிக் குழுவில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு முடிவை மறைக்க வழியே இல்லை. சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். பினோசே பதவி இறங்கினார். ஆனால் 1998 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார், பிறகு ஆயுட்கால செனட்டரானார். பேரம் பேசி வாங்கிய ஜனநாயகத்துக்கு இப்படித் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

எரிகா செனோவெத், மரியா ஸ்டெபன் இருவரின் ஆய்வையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1900 முதல் 2006 வரையிலான 323 பெரிய போராட்டங்களை எடுத்துக்கொண்டார்கள்; வன்முறையற்றவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதம்தான். இதை அறத்தின் வெற்றி என்று பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் தந்த காரணம் அவ்வளவு உன்னதமானதல்ல: அமைதிப் போராட்டத்துக்குக் கூட்டம் சேரும், கூட்டத்தில் காவலர்களின் உறவுக்காரரும் இருப்பார், அப்போது தடியை ஓங்கியவரின் கை தயங்கும். மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் தெருவுக்கு வந்தால் வெற்றி உறுதி என்ற பிரபலமான சூத்திரத்தை மட்டும் மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பழைய தரவில் கண்ட ஒரு போக்கு. 2010-க்குப் பிறகு வெற்றி விகிதம் சரிந்துவருவதாக செனோவெத்தே எழுதியிருக்கிறார்.

சர்வாதிகாரம் விழுந்தால் அடுத்து ஜனநாயகம் என்பதும் நம் ஆசைதான். பார்பரா கெடஸும் அவருடைய கூட்டாளிகளும் தொகுத்த தரவின்படி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆட்சிமுறை மாற்றங்களில் பாதியளவு, ஒரு சர்வாதிகாரம் போய் இன்னொன்று வந்தவை. விழுகிற விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. ராணுவ ஆட்சிகளுக்கு ஆயுள் குறைவு. திரும்பிப் போக முகாம் இருக்கிறது, பேசி முடித்துக்கொள்வார்கள். தனிமனித ஆட்சியாளருக்குப் போக இடமில்லை, கடைசிவரை பிடித்துத் தொங்குவார். கட்சி ஆட்சிகள் நீண்ட ஆயுள் கொண்டவை. வாரிசுச் சண்டையைக் கட்சிக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள அவற்றுக்கு வழி இருக்கிறது.

நாட்டின் செல்வத்துக்கும் இதற்கும் என்ன உறவு? வளமான நாடுகளில்தான் ஜனநாயகம் நிலைக்கிறது என்று சமூகவியலாளர் லிப்செட் 1959-இல் எழுதினார். அரசியல் ஆய்வாளர்கள் பிரஸ்வோர்ஸ்கியும் லிமோங்கியும் 1997-இல் அதை ஒரு திருத்தத்தோடு ஏற்றார்கள்: வருமானம் உயர்வதால் ஜனநாயகம் பிறப்பதில்லை, எப்படியோ பிறந்துவிட்ட ஜனநாயகம் வளமான நாட்டில் சாவதில்லை. அவர்கள் ஆராய்ந்த காலத்தில் வீழ்ந்த ஜனநாயகங்களிலேயே மிக வளமானது 1976 கவிழ்ப்புக்கு முந்தைய அர்ஜென்டினா. அதைவிட வளமான எந்த ஜனநாயகமும் கவிழவில்லை. ஏழ்மையிலும் தாக்குப்பிடித்த இந்தியாவை விதிவிலக்காக வைத்துக்கொண்டு, துறை பல ஆண்டுகள் இந்த எல்லைக்கோட்டை நம்பி நிம்மதியாக இருந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. அந்த ஆய்வு எண்ணியது கவிழ்ந்த ஜனநாயகங்களை. கவிழாமலே கரைவதை எண்ண அதில் கட்டம் இல்லை.

விதி ஒன்றுகூட மாறாமல் ஆட்சிமுறை மாறிவிட முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இங்கிலாந்தின் ஓல்ட் சாரம். ஒருகாலத்தில் அது ஊர். இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் உரிமை இருந்தது. மக்கள் பக்கத்துச் சாலிஸ்பரிக்கு இடம்பெயர்ந்தார்கள். மேடும் புல்லும் மிஞ்சின. உரிமை மட்டும் போகவில்லை: நிலத்துக்குச் சொந்தக்காரர் கைகாட்டும் இருவர், 1832 சீர்திருத்தம்வரை, நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். ஆலைகளால் பெருத்த மான்செஸ்டருக்கோ ஓர் இடமும் கிடையாது. யாரும் விதியைத் திருத்தவில்லை. விதிக்குக் கீழே இருந்த உலகம் நகர்ந்துவிட்டது. கேத்லீன் தெலன், ஜேம்ஸ் மஹோனி போன்றோர் மெல்ல நடக்கும் மாற்றங்களை வகைப்படுத்தியபோது இப்படி நகர்ந்துபோவதையும் ஒரு வகையாகச் சேர்த்தார்கள். பழைய விதிமேல் புதியதை அடுக்குவது இன்னொன்று. பழைய அமைப்பைப் புதிய நோக்கத்துக்குத் திருப்பிவிடுவது மற்றொன்று.

நான்சி பெர்மியோ 2016-இல் சுட்டிக்காட்டியது இந்தக் கடைசி வகையோடு ஒத்துப்போகிறது. தடாலடியான ஆட்சிக்கவிழ்ப்புகள் குறைந்துவருகின்றன; தேர்தலில் வென்றவரே தன்மேல் இருக்கும் கடிவாளங்களைச் சட்டப்படி ஒவ்வொன்றாகக் கழற்றுவது கூடிவருகிறது. ஹங்கேரியில் 2010 தேர்தலில் விக்டர் ஓர்பானின் அணி சுமார் 53 சதவீத வாக்குகளோடு 68 சதவீத இடங்களைப் பிடித்தது. அரசமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு போதும். மறு ஆண்டே புதிய அரசமைப்பு வந்தது. நாடாளுமன்ற இடங்கள் 386-இலிருந்து 199 ஆக்கப்பட்டன. 2014-இல் வாக்கு 45 சதவீதத்துக்கு இறங்கியும் மூன்றில் இரண்டு பங்கு இடம் கைவிட்டுப் போகவில்லை. எந்தப் படியிலும் டாங்கி இல்லை, ஒவ்வொரு படிக்கும் அரசிதழ் எண் இருந்தது. 2022-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஹங்கேரியை ‘தேர்தல் நடத்தும் எதேச்சதிகாரம்’ என்ற பொருளில் வர்ணித்துத் தீர்மானம் போட்டது. அர்ஜென்டினா எல்லைக்கோட்டைவிட அந்த நாடு எவ்வளவோ வளமானது.

இந்த வகை மாற்றத்தை அளப்பதே தகராறு. அளவுகோல்களுக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இல்லை. நாடுகளின் ஜனநாயகத்துக்கு மதிப்பெண் போடும் பாலிட்டி என்ற புகழ்பெற்ற தரவு, சுவிட்சர்லாந்துக்கு 1848-இலிருந்து முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே கூட்டாட்சித் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1971-இல். ஸ்வீடனில் இயங்கும் வி-டெம் திட்டம் ஆயிரக்கணக்கான வல்லுநர்களிடம் நுணுக்கமான கேள்விகள் கேட்டு மதிப்பெண் கணக்கிடுகிறது; உலகில் ஜனநாயகம் தேய்ந்துவருகிறது என்கிறது. ஆண்ட்ரூ லிட்டில், ஆன் மெங் இருவரும் இதை மறுத்தார்கள்: ஆளுங்கட்சிகள் தேர்தலில் தோற்பது போன்ற, எண்ணிப் பார்க்கக்கூடிய சான்றுகளை வைத்துப் பார்த்தால் அப்படியொரு பெரிய சரிவு தெரியவில்லை, வல்லுநர்களின் மனநிலைதான் இருண்டிருக்கலாம். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வல்லுநர்களும் எல்லோரையும் போல ஒரே செய்திகளைப் படித்துக் கவலைப்படுகிறவர்கள்தான். அதே சமயம், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக எண்ணத்தக்கதாக இருக்கும்படி செய்வதுதானே கடிவாளத்தைக் கழற்றுகிறவரின் கைவண்ணம்?

லைப்சிக்கில் ஒரு திங்கள்கிழமை இருந்தது. புகாரெஸ்டில் ஒரு மாடம் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றைப் பார்த்தார்கள், அடுத்தவர் மனசும் தங்களுடையது போலத்தான் என்று தெரிந்துகொண்டார்கள். மெல்லக் கரைக்கிறவர்கள் அப்படியொரு நாளையே உண்டாக்குவதில்லை. ஹங்கேரியில் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62-க்குக் குறைத்த சட்டத்தைப் பாருங்கள். ஓய்வு வயதுக்கு எதிராக யார் ஊர்வலம் போவார்? நீதிபதிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், அதுவும் மூத்தவர்கள், வெளியேற வேண்டியதாயிற்று. இது வயதை வைத்துக் காட்டிய பாரபட்சம், சட்டவிரோதம் என்று 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தலைவணங்கியது, சட்டத்தைத் திருத்தியது, இழப்பீடும் கொடுத்தது. தலைமைப் பொறுப்புகளில் பலவற்றில் அதற்குள் வேறு ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது.